ஏழாம் டெண்ட்டுக்குச் சுற்றிப் போட்ட உப்பு

டெண்ட் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் பெண்களுக்கு நாலு வார்த்தை சொல்லுங்கள் என்று உங்கள் சூப்பர்வைசர் போனில் கேட்டாள். நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை மன்னித்து விட்டவள். அதனால் அஜ்மானில் மகன் வீட்டு சோபாவில் காலை நீட்டிக்கொண்டு நான் சொல்கிறேன், மருமகள் எழுதுகிறாள். என் பேச்சை அப்படியே எழுத மாட்டாளாம், இஸ்திரி போட்டுத்தான் எழுதுவாளாம். போடட்டும். பதினெட்டு வருஷம் ஊரார் துணிக்கு நான் இஸ்திரி போட்டேன். இப்போது எனக்கு ஒருத்தி போடுகிறாள்.

துண்டை அன்னப்பறவை மாதிரி மடிப்பது எப்படி என்று என்னிடம் கேட்காதீர்கள். யூடியூபில் இருக்கிறது. கட்டிலுக்கு விரிப்பு இழுத்துக் கட்டுவதை சூப்பர்வைசர் சொல்லித் தருவாள், நீங்கள் செய்ய மாட்டீர்கள், அவள் திட்டுவாள், மூன்றாம் மாதம் கை தானாகப் பழகிவிடும். நான் சொல்லப் போவது ஒரு பிடி உப்பைப் பற்றி. அந்த உப்பால் ஒரு நல்ல மனுஷனுக்கு வேலை போகப் பார்த்தது. உப்பைப் போட்டவள் நான்.

இடம் உங்களுக்குத் தெரியும். அல் ஐனைத் தாண்டி மணலுக்குள் முக்கால் மணி நேரம். வேலி போட்ட தனியார் காடு. காடு என்றதும் மரத்தைத் தேடாதீர்கள், மணலும் நடுநடுவே காஃப் மரமும்தான். நம் ஊர் வன்னி மரமேதான், இங்கே வந்து பெயரை மாற்றிக்கொண்டது. மான், ஒட்டகச்சிவிங்கி, ஓரிக்ஸ் எல்லாம் அவிழ்த்துவிட்ட மாதிரி திரியும். நடுவில் பன்னிரண்டு டெண்ட். ஒவ்வொன்றிலும் ஏசி, பெரிய கட்டில், செம்புத் தொட்டி. பின்பக்கம் ஏழெட்டுத் தப்படி தள்ளி, வானத்தைப் பார்த்துக் குளிக்க மூங்கில் தட்டி அடித்த ஷவர். வீட்டுப் பாத்ரூமுக்குக் கூரை போட வாழ்நாளெல்லாம் உழைத்தவர்கள், கூரையில்லாத பாத்ரூமில் குளிப்பதற்காக இங்கே வந்து தங்குவார்கள். எனக்குச் சிரிப்பு வரும். வெளியே காட்ட மாட்டேன்.

ஓரிக்ஸ் என்கிற அந்தப் பாலைவன மானில் ஒன்று இருந்தது. வெள்ளை வெளேரென்ற உடம்பு, கறுப்பு முகம், தலையில் இரண்டு ஈட்டி. கிடாய். காதில் ஏதோ எண் எழுதிய வில்லை தொங்கும், எனக்கு எதற்கு எண்? நான் வைத்த பெயர் மாப்பிள்ளை. ஏன் என்றால் சொல்லாமல் கொள்ளாமல் வரும், யாரோடும் பேசாது, தலையைத் தூக்கிக்கொண்டு நிற்கும், நாம்தான் வழிவிட வேண்டும்.

மிருகங்களைப் பார்த்துக்கொள்வது கான் பாய். பெஷாவர் பக்கத்துக்காரர். தாடியில் பாதி மருதாணி, பாதி நரை. மிருகத்தோடு ஒரு நாளைக்கு நூறு வார்த்தை பேசுவார், மனுஷரோடு பத்து. தினமும் விடியற்காலையில் தீவன மூட்டையை ஏற்றிக்கொண்டு தூரத்துத் தொட்டிகளுக்குப் போய் நிரப்பி வருவார்.

இனி விதி. வேலையில் சேர்ந்த அன்றே உங்களிடமும் கையெழுத்து வாங்கியிருப்பார்கள். சாப்பிடுகிற பொருள் எதுவும் டெண்ட்டுக்கு வெளியே போகக் கூடாது. ருசி கண்ட மிருகம் திரும்பி வரும், திரும்பி வந்தால் யாரையாவது குத்தும். இந்த விதியில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. விருந்தாளி துப்பிய பேரீச்சங்கொட்டையைக் குனிந்து பொறுக்குவேன். பிஸ்கட் தூள் விழுந்த இடத்தில் மண்ணையே அள்ளுவேன். மற்ற பெண்களுக்கு என்னைக் கண்டால் பயம்.

அப்படிப்பட்ட நான்தான் செய்தேன். கேளுங்கள்.

ஏழாம் டெண்ட்டுக்கு நேரம் சரியில்லை. ஏசி நிற்கும். தொட்டி ஒழுகும். படியில் ஒருத்தர் விழுந்தார். காரணம் எனக்குப் புரிந்தது. வருகிறவர்கள் எல்லாரும் படம் பிடிப்பது அந்த டெண்ட்டைத்தான், பின்னால் மணல்மேடு தெரியும் என்று. உலகத்துக் கண்ணெல்லாம் அதன் மேல். நம் வீட்டில் என்ன செய்வோம்? வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஒரு பிடி கல் உப்பு, ஏழு காய்ந்த மிளகாய். மூன்று சுற்று சுற்றி அடுப்பில் போடுவோம், இல்லையென்றால் முச்சந்தியில் வீசுவோம். அங்கே திறந்த நெருப்புக்கு அனுமதி இல்லை. ஆனால் முச்சந்தி இருந்தது. ஏழாம் டெண்ட்டுக்குப் பின்னால் விருந்தாளிகளை ஏற்றிப் போகிற பக்கி வண்டியின் பாதை மூன்றாகப் பிரியும். டெண்ட்டைச் சுற்றி வந்து அங்கே வீசிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுவேன். ஏசியும் கொஞ்ச நாள் ஒழுங்காக ஓடியது. பிறகு எனக்கு முட்டி வலி வந்தது. முச்சந்தி வரைக்கும் நடப்பானேன் என்று பின்படிக்கட்டு ஓரத்திலேயே போட ஆரம்பித்தேன். சாமி கோவிச்சுக்காது, முட்டி வலி அதற்கும் தெரியும் என்று எனக்கு நானே சமாதானம்.

உப்பு சாப்பிடுகிற பொருள் என்று என் புத்தியில் ஏறவே இல்லை. சத்தியமாகச் சொல்கிறேன். சமையல்கட்டில் இருந்தால் அது உப்பு. கையில் எடுத்துச் சுற்றிவிட்டால் அது வேறு ஏதோ.

இரண்டு வெள்ளிக்கிழமை படிக்கட்டோரம் போட்டிருப்பேன். அடுத்த நாள் காலை, ஏழாம் டெண்ட்டுக்குப் புதுத் துண்டு கொண்டு போனேன். துபாயிலிருந்து வந்த நம் சென்னைப் பிள்ளைகள், புருஷன் பொண்டாட்டி, தங்கியிருந்தார்கள். பின்பக்கம் சத்தம். எட்டிப் பார்த்தால், ஷவர் தட்டி வாசலில் அந்தப் பையன் இடுப்பில் ஒரு துண்டோடு நிற்கிறான். பின்படிக்கட்டில் மாப்பிள்ளை. தலையைக் குனிந்து தரையில் எதையோ நக்குகிறது. நக்கி முடித்து நிமிர்ந்தால் ஈட்டி நேரே பையனைப் பார்க்கும்.

"ஆன்ட்டி! பக்கத்துல வராதீங்க!"

"பாத்துட்டேன் சார். கத்தாதீங்க."

"இது முட்டுமா?"

"கோவம் வந்தா முட்டும் சார்."

"எப்பக் கோவம் வரும்?"

"அத நான் இன்னும் கேட்டுக்கல."

உள்ளே ஜன்னலில் அவன் பொண்டாட்டி. ஒரு கையால் வாயைப் பொத்திக்கொண்டு, மறு கையால் போனில் படம் எடுக்கிறாள். "ரமேஷ், அசையாத! அசையாம நில்லு!"

"துண்டு அவுந்துரும்டி, நான் எங்க அசையறது!"

அந்த நேரம் பக்கி டிரைவர் வந்து சேர்ந்தான். ஹாரனில் கையை வைக்கப் போனான். விரட்டிவிடலாம் என்று அவன் நினைப்பு. நான் கையைத் தூக்கி, "ஹாரன் மாஃபி!" என்றேன். மாஃபி என்றால் அரபியில் இல்லை, வேண்டாம் எல்லாம்தான். சத்தம் கேட்டால் மாப்பிள்ளை ஓடும். ஆனால் எந்தப் பக்கம் ஓடும் என்று யாருக்குத் தெரியும்? இதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். எல்லாரும் ஏதாவது செய்யத் துடிக்கிற நேரத்தில், முதலில் ஒருத்தர் செய்யாமல் தடுக்க வேண்டும். அதுவும் வேலைதான்.

வாக்கி டாக்கியில் கூப்பிட்டேன். "கான் பாய், ஏழாம் நம்பர். மாப்பிள்ளை வந்திருக்கார். ஜல்தி."

கான் பாய் வந்தார். ஓடி வரவில்லை, கடைவீதிக்கு வருகிற மாதிரி நடந்து வந்தார். ஒரு பார்வை பார்த்தார். "அம்மாஜி, சாதர் லாவோ. படா வாலா" என்றார்.

தள்ளுவண்டியிலிருந்து பெரிய கட்டில் விரிப்பை எடுத்தேன். ஒரு முனை அவர் கையில், ஒரு முனை என் கையில். தரையைத் தொடுகிற மாதிரி விரித்துப் பிடித்தோம். மாப்பிள்ளைக்கு அது துணி என்று தெரியாதாம், சுவர் என்று நினைத்துக்கொள்ளுமாம். மெதுவாக நடந்து போய் பையனுக்கும் மாப்பிள்ளைக்கும் நடுவில் அந்தச் சுவரை நிறுத்தினோம். பிறகு சுவரோடு சேர்ந்து மூன்று பேரும் ஒவ்வொரு எட்டாக முன்வாசலுக்கு நகர்ந்தோம்.

"ஆன்ட்டி, துண்டு நழுவுது."

"நழுவட்டும் சார். எனக்கு மக வழியில மூணு பேரன். நான் பாக்காததா?"

துணிக்கு அந்தப் பக்கம் மாப்பிள்ளை ஒரு தடவை மூச்சு விட்டது. அந்தச் சத்தம் இன்னும் என் முதுகில் இருக்கிறது. பிறகு அதுவாகவே திரும்பி மணல்மேட்டுப் பக்கம் போய்விட்டது. பையன் டெண்ட்டுக்குள் போய் விழுந்தான்.

இதுவரைக்கும் நான் கெட்டிக்காரி. இங்கிருந்துதான் தப்பு.

மேனேஜர் வந்துவிட்டார். லெபனான்காரர், நியாயமான மனுஷர்தான், ஆனால் விருந்தாளி உயிர் என்றால் முகம் மாறிவிடும். எல்லாருக்கும் பயம் தெளிந்து சிரிப்பு வருகிற நேரம். நான் சும்மா இருக்க வேண்டியதுதானே? என் வாய் இருக்கிறதே. எனக்குத் தெரிந்த அரைகுறை ஹிந்தியில், கையை ஆட்டிச் சொன்னேன்: "கான் பாய் மாப்பிள்ளைக்கு ரகசியமா விருந்து வச்சுப் பழக்கிட்டார் போல. அதான் வீடு தேடி வந்துருச்சு."

எல்லாரும் சிரித்தார்கள். மேனேஜர் சிரிக்கவில்லை. அந்தப் பெண் எடுத்த படத்தை வாங்கிப் பார்த்தார். மாப்பிள்ளை தரையை நக்குவது நன்றாகத் தெரிந்தது. ஏதோ போட்டிருக்கிறார்கள். தீவனம் யார் கையில் இருக்கிறது? இது அவர் கணக்கு.

"கான், நீ போட்டியா?"

"நோ சார்" என்றார் கான் பாய். அன்றைக்குப் பத்து வார்த்தையில் அதற்கு மேல் செலவழிக்கவில்லை.

"அப்ப யாரு? தீவன மூட்டையோட டெண்ட் வழியாப் போறது நீ ஒருத்தன்தான்." மேனேஜர் கையை உதறினார். "கலாஸ், முடிஞ்சுது. ஊருக்கு டிக்கெட் போடச் சொல்றேன். அந்த மிருகத்தையும் அடைச்சு வைங்க."

உண்மையைச் சொல்ல வேண்டும் அல்லவா, நானும் மேனேஜர் பக்கம்தான். பாவம், பாசத்தில் ஏதோ போட்டிருப்பார், மாட்டிக்கொண்டார் என்றுதான் நினைத்தேன். தமாஷுக்குச் சொன்னது சரியாகப் போய்விட்டதே என்று கொஞ்சம் உறுத்தல், அவ்வளவுதான்.

அந்தப் பிள்ளைகளை வேறு டெண்ட்டுக்கு மாற்றிவிட்டு, ஏழாம் டெண்ட்டைச் சுத்தம் செய்தேன். முடித்து வெளியே வரும்போது எனக்கு ஒரு பழக்கம். என் முதல் சூப்பர்வைசர் கற்றுக்கொடுத்தது. யாழ்ப்பாணத்து அம்மா. பெயர் சொன்னால் அவருக்குப் பிடிக்காது. வேலையில் சேர்ந்த முதல் வாரம் என்னை வாசலில் நிறுத்திச் சொன்னார்: "வேலை முடிஞ்சு போகேக்கை ஒருக்கா திரும்பிப் பார். கெட்டிக்காரி மாதிரிப் பாராதை. கெட்டிக்காரிக்குத் தான் செய்ததுதான் தெரியும். கள்ளி மாதிரிப் பார். கள்ளிக்குத்தான் எங்க பிடிபடுவம் எண்டு தெரியும்."

அன்றைக்கும் பின்படியில் நின்று கள்ளி மாதிரிப் பார்த்தேன். படிக்கட்டு ஓரத்தில் மணல் கிண்ணம் மாதிரி குழிந்திருந்தது. நாக்கால் நக்கி நக்கிக் குழிந்தது. உப்பு ஒரு கல்கூட இல்லை. குழியைச் சுற்றி, யாரோ தட்டில் ஒதுக்கி வைத்த மாதிரி, காய்ந்த மிளகாய். எண்ணினேன். பதினாலு. இரண்டு வெள்ளிக்கிழமை.

பிடிபட்ட கள்ளி நான்தான்.

பிறகு நான் செய்ததைச் சொல்ல வேண்டும். சொல்லாமல் விட்டால் இந்தக் கதையில் நான் நன்றாகத் தெரிவேன், உங்களுக்குப் பிரயோஜனம் இருக்காது. மிளகாயை எல்லாம் குப்பை முறத்தில் கூட்டி எடுத்தேன். காலால் குழியை மூடினேன். யாரும் பார்க்கவில்லை. அப்போதுதான் மகன் அஜ்மானில் வேலைக்குச் சேர்ந்திருந்தான், கல்யாணம் பேசிக்கொண்டிருந்தோம். இந்த வயசில் என்னை ஊருக்கு அனுப்பினால் யார் மறுபடி வேலை தருவார்கள்? லாண்டரிக்குப் போனேன். காய்ந்த விரிப்புகளை எடுத்து மடிக்க ஆரம்பித்தேன். ஒவ்வொரு விரிப்பையும் உதறும்போது காலையில் கான் பாய் பிடித்த முனை கண்ணுக்குத் தெரிந்தது. நான் கூப்பிட்டதும் வந்தாரே. என் கையில் ஒரு முனையைக் கொடுத்தாரே. எல்லா விரிப்பையும் மடித்து முடித்தேன். சாப்பாட்டு மணி அடித்தது. சாப்பிடவும் செய்தேன். அதன் பிறகுதான் முறத்தைத் தூக்கிக்கொண்டு ஆபீசுக்குப் போனேன்.

மேனேஜர் முறத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "என்ன மம்மா இது? மிர்ச்சி?"

"சார், கான் பாய் மாஃபி. திஸ் மை மிர்ச்சி. மை சால்ட். ஐ புட். கான் நோ புட்."

"சால்ட்டா? எதுக்கு?"

எனக்குத் தெரிந்த மூன்று பாஷையிலும் கண்ணேறுக்கு வார்த்தை கிடைக்கவில்லை. மேசை மேல் அவருடைய கார் சாவி கிடந்தது. அதில் கண் படாமல் இருக்க நீலக் கண் மணி ஒன்று தொங்கியது. அதைத் தொட்டுக் காட்டினேன். "சார், யூ திஸ். மீ சால்ட். சேம் சேம். டெண்ட் செவன்."

அவர் சாவியை எடுத்து, அந்த மணியைத் திருப்பிப் பார்த்தார். சிரிப்பாரா, கத்துவாரா என்று தெரியவில்லை. "மம்மா, என் மணியை யாரும் நக்கிச் சாப்பிடறதில்லையே" என்றார்.

சொன்னதை அப்படியே நம்பிவிடவில்லை. படிக்கட்டோரத்து மண்ணை அள்ளி மாற்றச் சொன்னார், நன்றாகக் கழுவச் சொன்னார், ஒரு வாரம் பார்ப்போம், டிக்கெட்டை நிறுத்தி வைக்கிறேன் என்றார். மாப்பிள்ளையையும் அடைக்கவில்லை. இரண்டு நாள் கழித்து அது வந்தது. தூரத்தில் கான் பாய், மேனேஜர், நான் மூவரும் நின்று பார்த்தோம். படிக்கட்டை மோந்தது. சுற்றி வந்து மறுபடி மோந்தது. தலையைத் தூக்கி எங்களைப் பார்த்தது பாருங்கள், சீர் குறைந்துபோன மாப்பிள்ளை பார்க்கிற அதே பார்வை. திரும்பிப் போய்விட்டது. அப்புறம் டெண்ட் பக்கம் வரவே இல்லை.

எனக்கு எழுத்தில் எச்சரிக்கை. மூன்று மாதம் டெண்ட் பக்கம் போகக் கூடாது, லாண்டரி மட்டும். வாங்கிக்கொண்டேன். அது பெரிசில்லை.

பெரிசு எது என்றால், மேனேஜரிடம் சொல்லிவிட்டு நேரே கான் பாயிடம் போனேன் அல்லவா, அதுதான். தண்ணீர்த் தொட்டி பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். எல்லாம் சொல்லி, கையைக் கூப்பினேன். கட்டிப்பிடித்து அழுவார் என்றா நினைத்தீர்கள்? நானும் அப்படி ஏதோதான் எதிர்பார்த்தேன். அவர் ஹிந்தியில் சொன்னதை நம் பேச்சில் சொல்கிறேன்.

"எப்ப தெரிஞ்சுது உனக்கு?"

"காலையில. பத்து மணிக்கு."

"இப்ப ரெண்டு. அம்மாஜி, பத்து மணிக்கே சொல்லியிருந்தா நான் வீட்டுக்குப் போன் பண்ணியிருக்க மாட்டேன். வேலை போச்சு, வர்றேன்னு சொன்னேன். பொண்டாட்டி அழுவான்னு நெனச்சேன். அவ சிரிக்கிறா. சின்னப் பொண்ணு தெருவெல்லாம் ஓடி, எங்க பாபா வர்றார்னு சொல்லிட்டு வந்திருக்கு. மூணு வருஷமாச்சு அது என்னைப் பாத்து. நீ இப்ப நல்லவளா வந்து நிக்கிற. நான் திரும்பவும் போன் பண்ணி, வரலேன்னு சொல்லணும்." போனை என் பக்கம் நீட்டினார். "இந்தா. நீயே சொல்லு."

எதற்கும் ஒரு பதில் வைத்திருக்கிற வாய் இது. போனை வாங்கினேன். மணி அடித்தது. எடுத்தது அந்தச் சின்னதுதான். அவர்கள் பாஷையில் மூச்சு விடாமல் என்னமோ கேட்டது. 'பாபா' என்ற ஒரு வார்த்தை மட்டும் எனக்குப் புரிந்தது. போனை அவரிடமே கொடுத்துவிட்டேன். அவர் எழுந்து தொட்டிக்கு அந்தப் பக்கம் போய் நின்று பேசினார்.

பிள்ளைகளா, தப்பு எல்லாரும் செய்வோம். என்னைவிடப் பெரிய தப்பு செய்யக்கூடிய ஆள் உங்களில் இருக்கிறாளாம், சூப்பர்வைசர் சொன்னாள். செய்தால் ஒப்புக்கொள்ளுங்கள் என்று சொல்ல நான் வரவில்லை, அது யாருக்கும் தெரியும். எப்போது ஒப்புக்கொள்வது என்பதுதான் விஷயம். விரிப்பெல்லாம் மடித்துவிட்டு, சாப்பிட்டுவிட்டு வருகிற உண்மை, நம்மை மட்டும்தான் காப்பாற்றும். அதற்குள் பொய் கடல் தாண்டிப் போய் ஒரு வீட்டில் உட்கார்ந்துவிடும்.

இன்னொன்று. கூட வேலை செய்கிறவரை மேலதிகாரி முன்னால் வைத்துத் தமாஷ் பண்ணாதீர்கள். எவ்வளவு நல்ல தமாஷாக இருந்தாலும். என்னுடையது நல்ல தமாஷ்தான்.

நான் மேனேஜர் வாசலில் தினமும் போய் நின்றேன். இஸ்திரி போட்ட சட்டை கொடுக்கப் போனாலும் அதே பேச்சு. "சார், கான் லீவு." கொசுவைவிட மோசம் என்று சொல்லிவிட்டு, இரண்டு மாதத்தில் கான் பாய்க்கு லீவு கொடுத்தார். கிளம்புகிற அன்று காலை வண்டி பக்கத்தில் பெட்டியோடு நின்றார். அதுவரைக்கும் என்னோடு தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. மூன்று வருஷம் கழித்து வீட்டுக்குப் போகிற ஆள். ஊரே பார்க்கும், கண் படும். என்னால் சும்மா விட முடியுமா? முந்தானையில் கையை மூடிக்கொண்டு கிட்டே போனேன்.

அவர் என் கையைப் பார்த்தார். இரண்டு எட்டு பின்னால் போனார். "உப்பு மாஃபி, அம்மாஜி! உப்பு மாஃபி!"

கையைத் திறந்து காட்டினேன். ஒன்றும் இல்லை. வெறுங்கை. அப்போதுதான் தாடிக்குள் ஒரு சிரிப்பு வந்தது. குனிந்து நின்றார். வெறுங்கையாலேயே மூன்று சுற்று சுற்றி, மணலைப் பார்த்து உதறினேன்.

போய்ச் சேர்ந்ததும் போன் வந்தது. பேசியது அவர் இல்லை. சின்னது. என்ன சொன்னது என்று இந்தத் தடவையும் எனக்குப் புரியவில்லை. ஆனால் பின்னால் அவர் சிரிக்கிற சத்தம் கேட்டது.